கதைக்கொடி, மறுதாம்பு, கூடல்: கம்பெனிச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழில் என்ன எழுதலாம்?

சினிமா, தொடர், நாவல் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஃபிரான்சைஸ், ஐபி, கன்டென்ட், யுனிவர்ஸ், ரீபூட் என்று கம்பெனிக்காரர்களின் சொற்களே வந்து விழுகின்றன. இவற்றுக்குப் புதுத் தமிழ்ச் சொற்கள் உருவாக்க முடியுமா, உருவாக்கினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சில சொற்கள் நிற்கவும் செய்யும். நான் பல வருடம் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தவன், இந்தச் சொற்களோடு தினமும் மல்லுக்கட்டியவன். அந்த அனுபவத்திலிருந்து கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தச் சொற்களை அப்படியே மொழிபெயர்த்தால் வேலை முடிந்துவிடும் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஃபிரான்சைஸ் என்றால் வணிக உரிமம், ஐபி என்றால் அறிவுசார் சொத்து, கன்டென்ட் என்றால் உள்ளடக்கம், ரீபூட் என்றால் மறுதொடக்கம். அகராதிப்படி எல்லாம் சரி. ஆனால் எழுதிப் பார்த்தால் உயிரே இல்லை. காரணம் மெதுவாகத்தான் புரிந்தது. இந்தச் சொற்கள் எல்லாம் கதைக்குச் சொந்தக்காரர் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் சொற்கள். கதை சொல்பவரும் பேசவில்லை, கேட்பவரும் பேசவில்லை. மொழிபெயர்த்தால் அந்தக் கணக்குப் புத்தகமும் கூடவே தமிழுக்குள் வந்துவிடுகிறது.

ஃபிரான்சைஸ் என்ற சொல்லின் வரலாறே இதைக் காட்டும். பழைய பிரெஞ்சில் சுதந்திரம், விலக்கு என்ற பொருளில் தொடங்கியது. அப்புறம் அரசர் ஒருவருக்குத் தரும் தனிச் சலுகை ஆனது. அப்புறம் ஓட்டுப் போடும் உரிமை. இலங்கையில் 1931இல் வந்ததை இன்றும் தமிழில் சர்வசன வாக்குரிமை என்கிறோமே, அந்த வாக்குரிமைதான் இது. பிறகு ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் அனுமதி ஆனது. கடைசியாகத்தான் ஒரு கதையின் தொடர்ச்சியான படங்களுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை பொருள் மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. மேலே இருக்கும் ஒருவர் கீழே இருப்பவருக்கு எதையோ அனுமதிக்கிறார். நமக்குப் பிடித்த கதையின் நாலாவது பாகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அனுமதி எதற்கு?

அதனால் நான் எனக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதுச் சொல் தேடும்போது ஆங்கிலச் சொல்லைப் பார்ப்பதில்லை. அது சுட்டும் பொருளைப் பார்க்கிறேன். ராத்திரி பாட்டியிடம் கதை கேட்கும் பிள்ளை அதை என்னவென்று சொல்லும், கூத்து பார்க்கப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் என்னவென்று சொல்வார் என்று யோசிக்கிறேன்.

கன்டென்ட் என்பதில் தொடங்குவோம், அதுதான் சுலபம். பில் கேட்ஸ் 1996 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரைக்குக் ‘கன்டென்ட்தான் ராஜா’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். இணையத்தில் பெரும்பணம் அதில்தான் வரப்போகிறது என்பது வாதம். செய்தி, விளையாட்டு, மென்பொருள், பொழுதுபோக்கு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கின. குழாய் வைத்திருப்பவருக்கு அதில் ஓடுவது எல்லாமே ஒன்றுதான். பார்ப்பவருக்கு அப்படி இல்லை. நேற்று ராத்திரி அவர் பார்த்தது படமா, தொடரா, படித்தது நாவலா என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை. படம் என்றால் படம் என்றும், கதை என்றால் கதை என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘படைப்பு’ இருக்கிறது. ‘கன்டென்ட் உள்ள படம்’ என்று இப்போது புகழ்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறை ‘கதையம்சம் உள்ள படம்’ என்றது. அது இன்றும் நன்றாகத்தான் ஒலிக்கிறது.

சந்தைச் சொல் என்பதாலேயே ஒரு சொல் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. ‘சரக்கு உள்ள ஆள்’ என்று தமிழில் சொன்னால் அது பாராட்டு. சரக்கு மளிகைக் கடையிலிருந்து வந்த சொல்தான். ஆனால் அதில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மதிக்கிற பார்வை இருக்கிறது. கன்டென்ட் என்ற சொல்லில் அந்தப் பார்வை இல்லை, பாத்திரம் நிறைந்திருந்தால் போதும்.

ஐபி கொஞ்சம் சிக்கல். இரண்டு வேறு பொருள்களை இந்த ஒரு சொல்லில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று சட்டம். யார் அச்சிடலாம், யார் படமாக்கலாம் என்பது. அதற்குத் தமிழில் பதிப்புரிமை இருக்கிறது. (பல இடங்களில் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். நான் அதைப் புதுக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் குழப்பினால் பின்னால் கஷ்டம்.) இன்னொன்று, ‘இது ஒரு புது ஐபி’ என்று சொல்கிறார்களே, அது. அங்கே அவர்கள் சொல்ல வருவது ஒரு புதுக்கதை, அவ்வளவுதான். முன்பு எங்கும் வராத கதை, புது ஆட்கள், புது ஊர். ‘புதுக்கதை’ என்று எழுதிப் பாருங்கள். ‘இந்த வருடம் வந்த பத்துப் பெரிய படங்களில் இரண்டுதான் புதுக்கதை.’ எந்த வாசகருக்கும் விளக்கம் வேண்டாம். ‘சொந்தக் கதை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

உரிமை பற்றிப் பேசும்போது தமிழில் மட்டும் பழகிய ஒரு சொல்லைச் சொல்லாமல் போக முடியாது: நாட்டுடைமை. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டது. அதற்குப்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நூல் பொதுவுக்கு வரும். நாட்டுடைமை அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வனை இத்தனை பதிப்பகங்கள் இத்தனை விலையில் போடுகின்றன என்றால் அதனால்தான். ஒரு கதையை ‘நாட்டுடைமை’ என்று சொல்லும்போது அது ஊர்க் குளம் மாதிரி ஆகிவிடுகிறது. இப்படி ஒரு சொல் வைத்திருக்கும் மொழிக்காரர்கள், பிடித்த கதையைப் பற்றிப் பேசும்போது ‘அறிவுசார் சொத்து’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, ஃபிரான்சைஸுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது கதைக்கொடி. தமிழில் கொடிவழி என்றால் பரம்பரை. ஒரே வேரிலிருந்து வந்த தலைமுறைகளின் வரிசை. கதைக்கும் அதுதானே நடக்கிறது? ஒரு கதை வேர் பிடிக்கிறது, அடுத்தது அதில் துளிர்க்கிறது, இன்னொன்று பக்கவாட்டில் படர்கிறது, சில சமயம் நுனி காய்ந்தும் போகிறது. ‘இந்தக் கதைக்கொடியில் நாலாவது படம்’, ‘கதைக்கொடி வாடிவிட்டது’, ‘கொடியை இதோடு நிறுத்தியிருக்கலாம்’ என்று எல்லா வகையிலும் வாக்கியம் அமைகிறது. கொடி என்றால் கட்சிக்கொடி நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். கதையோடு சேர்ந்து வந்தால் வராது. ‘கதைக்குடும்பம்’ என்றும் ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள் குடும்பக்கதை என்று எடுத்துக்கொண்டார்கள். அதோடு அதை விட்டுவிட்டேன்.

ரீபூட்டுக்கான சொல் எனக்கு வயலிலிருந்து கிடைத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதற்கான சொல்லை எடுத்துக் கதைக்கு மாட்டியிருக்கிறார்கள். மறுதொடக்கம் என்று மொழிபெயர்த்தால் இயந்திரம் மட்டும்தான் மிஞ்சும். கரும்பு போடும் விவசாயிகள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், மறுதாம்பு. முதல் வருடம் கரணை, அதாவது விதைக்கரும்புத் துண்டு, நட்டு வளர்ப்பது நடவுக் கரும்பு. வெட்டியபின் தூரை எடுக்காமல் விட்டால் அதே கட்டையிலிருந்து மறுபடி முளைத்து வருகிறதே, அது மறுதாம்பு. நெல்லிலும் உண்டு. ஒரு கதையை முடித்துவிட்டு, சில வருடம் கழித்து அதே வேரிலிருந்து புது நடிகர், புதுக் காலம் என்று மறுபடி எழுப்புவதும் இதுவேதான்.

இந்தச் சொல்லில் இன்னும் ஆழம் இருக்கிறது. மறுதாம்பை ஏன் விரும்புகிறார்கள்? கரணைச் செலவு கிடையாது, நடவுக் கூலி கிடையாது. கம்பெனிகள் பழைய கதையைத் திரும்ப எடுப்பதற்கும் அதே காரணம்தான். பெயரை ஊருக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மறுதாம்புக்கும் மகசூல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது கரும்பு போட்ட எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, கட்டை சீவுவார்கள். அறுவடை முடிந்ததும் மீந்து நிற்கும் கட்டையை மண் மட்டத்துக்குச் சீவிவிட்டால்தான் முளை மண்ணுக்கு அடியிலிருந்து பலமாக வரும். சீவாமல் விட்டால் மேலே நோஞ்சானாக முளைக்கும். பழைய படத்தின் காட்சிகளையும் வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு எடுத்த மறுதாம்புகள் ஏன் நிற்பதில்லை என்று விமர்சனத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டியதை, ‘கட்டை சீவாத மறுதாம்பு’ என்று மூன்று சொல்லில் எழுதிவிடலாம். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாது என்பது உண்மை. முதல் தடவை ஒரு வரியில் சொல்லிவிட்டால் மறக்க மாட்டார்கள். ரீபூட் மட்டும் நமக்கு எப்போது தெரிந்தது?

யுனிவர்ஸுக்குப் பத்திரிகைகள் ‘பிரபஞ்சம்’ என்று எழுதுகின்றன. தப்பில்லை, ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே ஆள் இல்லாத வெளி மாதிரி இருக்கிறது. நான் கதையுலகம் என்று எழுதுகிறேன். தமிழில் உலகம் என்றால் மண்ணும் உண்டு, அதில் வாழும் மக்களும் உண்டு. ‘உலகம் சிரிக்கும்’ என்றால் மண்ணா சிரிக்கிறது? பல கதைகள் ஒரே உலகத்தில் நடப்பது நமக்கொன்றும் அமெரிக்கா கற்றுக்கொடுத்த விஷயமும் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தனிக் கதை, எல்லாம் ஒரே உலகம். துரியோதனன் செத்து விழும் படுகளத்தில் வந்து முடியும். அல்லி, பவளக்கொடி கதைகள் வியாசர் சொன்னவையே அல்ல. தமிழ்நாட்டு மக்கள் அர்ஜுனனைக் கூட்டி வந்து தாங்களே பெருக்கிக்கொண்ட கதைகள். அவற்றுக்கு யாரும் அனுமதி வாங்கவில்லை.

இப்படிப் பக்கத்தில் பிரிவதற்குத்தான் தமிழில் கிளைக்கதை என்று பெயர். ஸ்பின் ஆஃப் என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. பாரதத்தில் வரும் நளன் கதை ஒரு கிளைக்கதை. அது புகழேந்தியிடம் வந்து நளவெண்பாவாகத் தனி நூலாகவே நின்றது. இரண்டு தனிக் கதைகளின் ஆட்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் கிராஸோவருக்குக் கூடல் என்று சொல்லலாம். ஆறுகள் சேருமிடம் கூடல். மூன்று சேர்ந்தால் முக்கூடல், அதையும் கதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொற்களை உதாரணத்தில் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ‘1986இல் வந்த விக்ரமின் மறுதாம்பு 2022இல் வந்தது. 2019இல் வந்த கைதியோடு அங்கே ஒரு கூடல். அப்புறம் 2023இல் லியோவும் அதே கதையுலகத்துக்குள் வந்தது.’ இயக்குநர் லோகேஷ் கனகராஜின் படங்களைச் சேர்த்து ‘லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ்’, சுருக்கமாக எல்சியூ, என்ற மூன்று எழுத்துகளை வைத்து ரசிகர்கள் பேசுவதெல்லாம் இதில் வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மறுதாம்பு என்பதும் இங்கே சரியாக உட்காருகிறது, ஏனென்றால் பழைய உளவாளி அதே வேரோடு, ஆனால் வேறு வயதில், வேறு காலத்தில் முளைக்கிறார்.

முன்கதை, பின்கதை இரண்டிலும் ஒரு தவறு பரவிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பாத்திரத்தின் பழைய வாழ்க்கையைப் பேக் ஸ்டோரி என்கிறார்கள். அதை வார்த்தைக்கு வார்த்தை ‘பின்கதை’ என்று மொழிபெயர்த்துவிட்டோம். தமிழில் காலத்தைச் சொல்லும்போது முன் என்றால் நடந்து முடிந்தது, பின் என்றால் இனி நடப்பது. ‘முன்னொரு காலத்தில்’ என்றுதானே கதையே தொடங்குகிறோம்? வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் மேலே ‘முன்கதைச் சுருக்கம்’ என்று போட்டதும் இதே பொருளில்தான். எனவே பழையது முன்கதை. பிரீக்வெல்லும் முன்கதைதான். 2012இல் வந்த பில்லா 2, எண்ணைப் பார்த்தால் இரண்டு, கதையைப் பார்த்தால் 2007 படத்தின் முன்கதை. தமிழில் அப்படி எழுதியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. அடுத்து வருவதற்கு மக்கள் ‘ரெண்டாம் பாகம்’ என்கிறார்கள். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒருவர் கதையை எடுத்து இன்னொருவர் எழுதுவதற்கு ஆங்கிலச் சட்டம் வைத்திருக்கும் டெரிவேடிவ் என்ற சொல், விமர்சனத்தில் வந்தால் ஏச்சாகிவிடும். நம்மிடம் அதற்கு மரியாதையான சொல் நூற்றாண்டுகளாக இருக்கிறது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது வழிநூல். பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்துகொள்ளலாம் என்று இலக்கணமே இடம் கொடுத்துவிட்டது. எனவே தழுவலுக்கும், ரசிகர்கள் எழுதும் தொடர்ச்சிகளுக்கும் வழிக்கதை என்று எழுதுங்கள். பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாக எழுத்தாளர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற நாவலை எழுதினார். அது வழிக்கதை. அந்தப் பெயரில் ஒரு குறையும் தொனிக்கவில்லை.

நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாரதியார் ஒருமுறை ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் யோசித்திருக்கிறார். உறுப்பாளி வரைக்கும் வந்தும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டு, பிறகு நல்ல சொல் கண்டுபிடித்துச் சொல்வதாக முடித்தார். இன்று உறுப்பினர் என்பது சட்டமன்றத்திலிருந்து கூட்டுறவுச் சங்கம் வரைக்கும் புழங்குகிறது. அவர் நின்ற இடத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு விகுதி. அதனால் முதலில் வாய்க்கும் சொல்லே கடைசிச் சொல் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், கிடைக்கவில்லை என்று கைவிடவும் வேண்டாம். வலைப்பூ என்று யாரோ எழுதியபோது அது மொழிபெயர்ப்பாகவே இல்லை. எழுதிப் பழகியவர்கள் விரும்பினார்கள், நின்றது. செல்ஃபிக்குத் தாமி, சுயமி என்று போட்டி போட்டு வந்தன. பேச்சில் செல்ஃபியே ஜெயித்தது. என் அனுபவத்தில், புதுச் சொல்லை மேற்கோள் குறிக்குள் பூட்டி வைத்தால் அது வெளியே வருவதில்லை. முதல் தடவையே வாக்கியத்துக்குள் இயல்பாக விட்டு, பொருள் பக்கத்துச் சொற்களிலிருந்து தெரியும்படி எழுத வேண்டும். வேற்றுமை உருபு ஏற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொடியில், கொடியை, கொடிக்கு என்று நாக்கு தடுக்காமல் வந்தால்தான் அது பேச்சுக்குப் போகும்.

எனக்கு இன்னும் சரியாக வராத ஒரு சொல் இருக்கிறது: கேனன். ஒரு கதையுலகத்தில் எது ‘நிஜமாக நடந்தது’ என்று ஏற்கப்படுகிறதோ, அது. இது பிறப்பில் கம்பெனிச் சொல் அல்ல. தேவாலயத்திலிருந்து வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி 1911இல் ரொனால்டு நாக்ஸ் எழுதிய கட்டுரையோடு இந்தப் பொருள் தொடங்கியது என்பார்கள். அன்று வாசகர்கள் விளையாட்டாக வைத்துக்கொண்டது. பின்னால் அது கம்பெனியின் கைக்குப் போனது. லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி 2012இல் வாங்கியது. 2014இல் அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்கள் எல்லாம் இனிக் கதையில் சேர்த்தி இல்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. பல வருடம் அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் நடந்தவை நடக்காதவை ஆகிவிட்டன.

இதற்கு ‘அரங்கேறிய கதை’ என்று வைக்க ஆசைப்பட்டேன். சபை கூடிக் கேட்டு ஏற்றுக்கொள்வதுதானே அரங்கேற்றம்? உரிமையாளரிடமிருந்து தீர்ப்பைப் பிடுங்கிச் சபைக்கே கொடுக்கிற சொல். ஆனால் நாளிதழ்களில் ‘கொடூரம் அரங்கேறியது’ என்று தினமும் எழுதி அந்த வினையைக் கறையாக்கி வைத்திருக்கிறார்கள். வாக்கியத்தில் போட்டதும் கொலைச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்களுக்குக் கம்ப ராமாயணப் பதிப்பாசிரியர்கள் பயன்படுத்திய ‘இடைச்செருகல்’ என்ற சொல் எதிர்ப்பொருளுக்கு உதவுகிறது, நேர்ப்பொருளுக்கு உதவவில்லை. இப்போதைக்கு ஏற்புக்கதை என்று எழுதுகிறேன். பொருள் சரி, ஆனால் அலுவலகக் கடிதத்தின் வாசனை போகவில்லை. உங்களுக்கு வேறொன்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன்.